அவர் சி.எஸ்.ஐ., நான் ஆர்.சி.: ஐவிஎஃப் ஃபாரத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

முத்துக்குளித்துறை | 3 ஜூன், இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக இங்கே வாசித்துவிட்டுப் போய்விடுவேன். இன்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு 35 வயது, சொந்த ஊர் தூத்துக்குடி, ரோமன் கத்தோலிக்கர் (ஆர்.சி.). பனிமய மாதா கோவில் மணிச்சத்தம் கேட்டு வளர்ந்தவள். கணவர் நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்). எட்டு வருடத்துக்கு முன் ஆயரிடம் அனுமதி வாங்கி என் பங்குக் கோவிலில் திருமணம் நடந்தது. பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்க என்னால் முடிந்ததைச் செய்வேன் என்று அன்றைக்கு வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகளுக்காக நான் போட்ட முதல் கையெழுத்து அது. இப்போது இரண்டாவது கையெழுத்துக் கேட்கிறார்கள்.

எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்). இரண்டு முறை லேப்ராஸ்கோப்பி ஆகிவிட்டது. இரண்டு கருக்குழாயிலும் அடைப்பு, முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் அளவு 1.1. இனி ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே, ஆய்வகத்தில் கருவாக்கும் முறை)தான், தள்ளிப்போடாதீர்கள் என்கிறார் டாக்டர். சரி என்று போனோம். கொடுத்த ஃபாரத்தில், மீதமாகும் கருக்களை என்ன செய்வது என்று ஒரு பக்கம். உறைய வைக்கவா, ஆராய்ச்சிக்கா, அழிய விடவா? மூன்று கட்டம், ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னேன். "திருச்சபை இதை ஏத்துக்காதும்மா. ஆனா எது நடந்தாலும் கோவிலுக்கு வர்றதை மட்டும் நிறுத்திடாதே" என்றார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அத்தைக்கு (மாமியார்) இது பிரச்சினையே இல்லை. "வேலூர் சி.எம்.சி.யிலேயே பண்றாங்களே, ஜெபம் பண்ணி ஆரம்பிக்கிற மிஷன் ஆஸ்பத்திரி அது" என்கிறார்கள்.

வேளாங்கண்ணியில் இரண்டு முறை தொட்டில் கட்டியாகிவிட்டது. கல்யாண வீட்டில் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பவர்களுக்குச் சிரிக்கவும் பழகிவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். செய்தால் சபைக்கு வெளியே போய்விடுவேனா? மீதம் இல்லாமல் செய்ய வழி உண்டா? செய்தவர்களும் வேண்டாம் என்று விட்டவர்களும் இங்கே இருந்தால் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

---

கேதுரு | 4 ஜூன், காலை 6:05

ஸ்தோத்திரம் சிஸ்டர். எங்களுக்கு 11 வருஷம் கழித்து மகன். மருந்து எதுவும் எடுக்கவில்லை. 40 நாள் உபவாசத்தில் எங்கள் பாஸ்டர் ஜெபித்தார், கர்த்தர் வாக்கு நிறைவேறியது. சாராள் காத்திருக்க முடியாமல் பிள்ளைக்காகத் தன் அடிமைப்பெண் ஆகாரைக் கணவனுக்குக் கொடுத்ததால் வந்த வேதனையை ஆதியாகமம் 16ல் வாசியுங்கள். மனுஷன் அவசரப்பட்ட இடத்தில் எல்லாம் கண்ணீர்தான். விசுவாசத்தில் நில்லுங்கள், வாசல் திறக்கும்.

---

பாளையங்கோட்டைக்காரி | 4 ஜூன், காலை 9:40

தம்பி, உங்கள் மகனுக்காக நானும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனால் 31 வருஷம் லேபர் வார்டில் நின்றவள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். குழாய் அடைப்புக்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை. கண்ணில் புரை விழுந்தவரிடம் காத்திருங்கள் என்று சொல்வோமா?

வேதத்தில் பிள்ளையில்லாமல் இருந்த அன்னாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலயத்தில் உட்கார்ந்து உதடு மட்டும் அசைய அழுதவளைப் பார்த்து, இவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தது யார்? ஆசாரியனாகிய ஏலி. ராகேல் "எனக்குப் பிள்ளைகொடும், இல்லாவிட்டால் நான் சாகிறேன்" என்றபோது கணவன் யாக்கோபுக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளையில்லாத பெண்ணின் அழுகையைப் பக்கத்தில் இருப்பவர்களே தப்பாக வாசித்ததை வேதம் மறைக்கவில்லை. நாமும் அதைச் செய்ய வேண்டாம்.

மகளே, உன் கேள்வி நல்ல கேள்வி. குழந்தை வேண்டும் என்பதில் உனக்குத் தயக்கம் இல்லை, மீதமாகும் கருவைப் பற்றித்தான் தயங்குகிறாய். நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.

---

கேதுரு | 4 ஜூன், காலை 10:15

அம்மா, புண்படுத்த எழுதவில்லை. மன்னியுங்கள் சிஸ்டர். ஜெபத்தில் வைத்துக்கொள்கிறேன்.

---

பழைய செமினாரி | 4 ஜூன், இரவு 9:30

நான் குருமடத்தில் ஆறு வருடம் இருந்து வெளியே வந்தவன். இப்போது குடும்பஸ்தன், பங்கில் மறைக்கல்வி எடுக்கிறேன். கத்தோலிக்கப் போதனை என்ன என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அரைகுறையாகத் தெரிந்தால் பயம்தான் கூடும்.

1968ல் திருத்தந்தை ஆறாம் பவுல் எழுதிய 'ஹூமானே வீத்தே' என்ற சுற்றுமடல், தம்பதியின் ஒன்றிப்பையும் உயிர் பிறப்பதையும் மனிதன் தன் விருப்பப்படி பிரிக்கக்கூடாது என்றது. கருத்தடை கூடாது என்பதற்குச் சொன்ன அதே காரணம்தான் இங்கே மறுபக்கமாகத் திரும்புகிறது. 1987ல் வந்த வத்திக்கான் ஆவணம் 'தோனும் வீத்தே', கணவன் மனைவியின் சொந்த முட்டை, சொந்த விந்தணுவாகவே இருந்தாலும், உடலுக்கு வெளியே கருவாக்குவதை ஏற்கவில்லை. 2008ன் 'திஞ்ஞித்தாஸ் பெர்சோனே'யும் அதையே உறுதி செய்தது. தங்கச்சி, இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான், ஆனால் மறைக்கக் கூடாது: மீதமே இல்லாமல் ஒரே ஒரு கருவை உருவாக்கி அதையே வைத்தாலும் திருச்சபையின் பதில் மாறாது. கரு அழிவது இரண்டாவது காரணம். கணவன் மனைவி உறவின் இடத்தில் ஆய்வகம் வந்து உட்காருவதுதான் முதல் காரணம்.

உதவி செய்வது வேறு, இடத்தைப் பிடித்துக்கொள்வது வேறு என்பதுதான் அளவுகோல். எண்டோமெட்ரியோசிஸ் அறுவை, ஹார்மோன் சிகிச்சை, குழாய் அடைப்பை நீக்கும் அறுவை எல்லாமே தாராளமாகச் செய்யலாம்.

சபைக்கு வெளியே போய்விடுவேனா என்று கேட்டீர்கள். இல்லை. கருக்கலைப்புக்குத் திருச்சபைச் சட்டத்தில் உள்ள தானியங்கிச் சபைவிலக்கு ஐவிஎஃப்புக்கு இல்லை. ஆனால் கனமான விஷயமாகத்தான் திருச்சபை பார்க்கிறது, அதனால் நற்கருணை வாங்குவதற்கு முன் ஒப்புரவு அருள்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) பற்றிப் பேச வேண்டிவரும். பிறக்கும் குழந்தையின்மேல் எந்தக் கறையும் கிடையாது. எந்த வழியில் வந்தாலும் ஒவ்வொரு குழந்தையையும் இறைவனின் கொடையாக ஏற்று அன்போடு வளர்க்க வேண்டும் என்று அதே 1987 ஆவணமே சொல்கிறது. ஞானஸ்நானத்துக்குத் தடை இல்லை.

1978 ஜூலை 25ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தபோது, வெனிஸ் நகரின் முதுபெரும் தந்தையாக இருந்த அல்பினோ லூச்சியானி அந்தக் குழந்தைக்கு வாழ்த்துச் சொன்னார். முறையைப் பற்றி அவருக்குக் கேள்விகள் இருந்தன, ஆனால் பெற்றோரைக் கண்டிக்கவில்லை. அடுத்த மாதமே திருத்தந்தை ஆனார், முதலாம் யோவான் பவுல். போதனையையும் மனிதரையும் ஒரே கையில் பிடிக்க முடியும் என்பதற்கு எனக்கு அவர்தான் முன்மாதிரி.

---

முத்துக்குளித்துறை | 4 ஜூன், இரவு 11:50

நன்றி அண்ணா. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. வாசித்துவிட்டு அழுதேன், ஆனால் பயம் குறைந்தது. ஐயூஐ (விந்தணுவை நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது) பற்றி ஃபாதர் ஏதோ சொன்னார், ஒரு வழி இருக்கிறது என்று?

---

பழைய செமினாரி | 5 ஜூன், காலை 7:10

தாம்பத்திய உறவின்போதே சிறு துளையிட்ட உறையில் விந்துவைச் சேகரித்துப் பரிசோதிப்பதை அறநெறி இறையியலார் ஏற்கிறார்கள். அப்படி எடுத்ததை ஐயூஐக்குப் பயன்படுத்தலாமா என்பதில் அவர்களுக்குள் இரண்டு கருத்து உண்டு. ஆனால் தங்கச்சி, ஐயூஐக்கு ஒரு குழாயாவது திறந்திருக்க வேண்டும். உங்கள் நிலைமையில் அந்தப் பேச்சே ஆறுதலுக்குத்தான்.

---

ஐந்தாம் நாள் | 5 ஜூன், மதியம் 2:25

நான் லுத்தரன். 14 வருடமாகக் கருவியல் ஆய்வகத்தில் வேலை. சகோதரியின் இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

பெரும்பாலானோர் மீதமான பிறகு என்ன செய்வது என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய நேரம் அதற்கு முன்னால். முட்டை எடுக்கும் நாளில், எத்தனை முட்டையில் விந்தணுவைச் சேர்க்க வேண்டும் என்று எழுதித் தராவிட்டால், முதிர்ந்த முட்டை எல்லாவற்றிலும் சேர்ப்போம். அதுதான் வழக்கம். பத்து முதிர்ந்த முட்டையில் சுமார் ஏழு கருவாகும். அதில் மூன்று நான்கு ஐந்தாம் நாளைத் தொடும். ஒன்றைக் கர்ப்பப்பையில் வைப்பார்கள், மற்றவை திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில். மீதம் என்பது இப்படித்தான் உண்டாகிறது. அது விபத்து இல்லை, வாய்ப்பைக் கூட்ட வேண்டும் என்று போட்ட கணக்கின் விளைவு.

அந்தக் கணக்கை மாற்றச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு அல்லது மூன்று முட்டையில் மட்டும் சேருங்கள், மற்றதை முட்டையாகவே உறைய வையுங்கள் என்று சொல்லலாம். உறைந்த முட்டை கரு அல்ல. வயது குறைவாக இருந்தால் உருக்கும்போது பத்தில் எட்டு ஒன்பது பிழைக்கும், வயது ஏற ஏறக் குறையும். கருவான எல்லாவற்றையும், தரம் குறைவு என்று ஒதுக்காமல், வளர்ச்சி நிற்காதவரை வைக்கச் சொல்லலாம். மரபணுப் பரிசோதனை வேண்டாம் என்றும் எழுதலாம். அதெல்லாம் ஃபாரத்தில் அச்சடித்திருக்காது, கையால்தான் எழுத வேண்டும்.

விலையும் சொல்லிவிடுகிறேன். மூன்றில் மட்டும் சேர்த்தால் ஐந்தாம் நாளில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். அப்போது மறுபடி முதலில் இருந்து. பணமும் போகும், உங்கள் வயதில் மாதமும் போகும். உங்கள் டாக்டர் தடுப்பார், தடுப்பது அவர் கடமை. ஆனால் இந்த முறையைக் கேட்டு வந்த தம்பதிகளுக்கு நான் செய்திருக்கிறேன். டிஷ்ஷில் மூன்றே மூன்று இருக்கும்போது என் கையும் கூடுதல் கவனமாக இருக்கும். ஒவ்வொரு நாள் காலையும் இன்குபேட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் நிற்பது என் பழக்கம். அங்கே இருப்பது என்ன, யார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நிற்கத் தெரியும்.

---

பழைய செமினாரி | 5 ஜூன், மாலை 6:40

சகோதரர் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் கத்தோலிக்கர் வாசிக்கிறார்கள் என்பதால் சொல்லியாக வேண்டும்: ஐவிஎஃப்புக்காக முட்டையை உறைய வைப்பதையும் 2008 ஆவணம் ஏற்கவில்லை. தீமை குறைகிறது என்பது உண்மை. போதனைக்குள் வந்துவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

---

ஐந்தாம் நாள் | 5 ஜூன், இரவு 8:15

ஒப்புக்கொள்கிறேன். உங்கள் திருச்சபை அனுமதிக்கிறது என்று நான் சொல்லவில்லை. கேட்காமலே பத்தைக் கருவாக்கிவிட்டுப் பிறகு பத்து வருடம் அழுவதைத் தவிர்க்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

---

அல்லிக்குளம் | 6 ஜூன், அதிகாலை 1:30

பத்து வருடம் அழுவது என்று எழுதியிருக்கிறார். அது நான்தான்.

நானும் ஆர்.சி. யாரிடமும் கேட்காமல் செய்தேன், கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று தெரியும். மகளுக்கு இப்போது நாலு வயது. அவள் தூங்கும்போது முகத்தைப் பார்த்தால், செய்தது தப்பு என்று என் வாயால் சொல்ல வராது. ஆனால் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இன்னும் நான்கு கரு ஆய்வகத்தில் உறைந்தே இருக்கிறது. வருடா வருடம் பில் வரும். அதில் 'எம்பிரியோ: 4' என்று இருக்கும்.

எல்லா வழியையும் விசாரித்துவிட்டேன். வாடகைத்தாய் முடியாது, உயிரோடு ஒரு குழந்தை இருக்கும் தம்பதிக்கு 2021 சட்டம் சில விதிவிலக்கு தவிர அனுமதிப்பதில்லை. குழந்தையில்லாத வேறு தம்பதிக்குக் கொடுக்கலாமா என்றால், அதுவும் இங்கே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சட்டப்படி பத்து வருடம்வரை வைக்கலாம். அதன் பிறகு அழிய விட வேண்டும், இல்லை ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். ஃபாதரிடம் போனேன். உறைந்த கருக்களின் நிலைமை தீர்க்க முடியாத ஒரு அநீதி என்று ரோமே எழுதியிருக்கிறதாம். தீர்வு இருக்கும் என்று நம்பிப் போனவளுக்கு, தீர்வு இல்லை என்று அவர்களும் சொன்னது ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. என் மனக்குழப்பம் என் பைத்தியக்காரத்தனம் இல்லை என்று தெரிந்தது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றும்போது நான் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பேன். அவர்கள் இறந்தவர்கள் இல்லை. பிறந்தவர்களும் இல்லை.

தங்கச்சி, செய் என்றும் சொல்ல மாட்டேன், செய்யாதே என்றும் சொல்ல மாட்டேன். அந்த எண்ணை மட்டும் முதலிலேயே நீயே எழுது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

---

மட்டுறுத்துநர் | 6 ஜூன், காலை 8:00

அல்லிக்குளம் அக்காவுக்கு நன்றி. அடுத்து எழுதுபவர்கள் அவரது பதிவை வாசித்துவிட்டு எழுதுங்கள். மருத்துவமனைப் பெயர்கள் வேண்டாம். யாருடைய விசுவாசத்தையும் யாரும் அளக்க வேண்டாம்.

---

ரைன்கரை | 6 ஜூன், மாலை 4:50

நான் மன்னார் ஆள், இப்ப ஜெர்மனியில இருக்கிறன். எங்களுக்கும் இதே குழப்பம் வந்தது. இங்கத்தைய சட்டம் கொஞ்சம் வேற மாதிரி. 1990 ஆம் ஆண்டு கருப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு தடவையில மூண்டுக்கு மேல கருவை வைக்கேலாது. அந்தச் சுழற்சியில வைக்கிற அளவுக்குத்தான் கருவை உருவாக்கோணும் எண்டதும் சட்டத்தின்ட நோக்கம். அதால மீதியை, விந்தணு உள்ள போய், முட்டையின்ட உட்கருவும் விந்தணுவின்ட உட்கருவும் இன்னும் ஒண்டு சேராத முதல் நாளிலேயே உறைய வைக்கினம். சட்டத்தின்ட கண்ணுக்கு அது இன்னும் எம்பிரியோ இல்லை. முட்டை தானமும் இங்க தடை.

அந்த முதல் நாள் கணக்கு எங்கட மனசுக்கு முழுசாச் சமாதானம் தரேல்லை, உண்மையைச் சொல்லோணும். ஆனா ஒரு அரசாங்கமே கருவுக்கு இவ்வளவு கவனமா வேலி போட்டிருக்கு எண்டது எங்களுக்குப் பெரிய விசயமாப் பட்டது. ஆவணி மாதம் இங்க கெவலார் எண்ட ஊர் மாதாவிட்ட தமிழ்ச் சனம் எல்லாம் கூடும், மடுத் திருவிழா மாதிரி. அங்க அக்காவுக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்துறன்.

---

பெரியகுளம் | 7 ஜூன், இரவு 10:10

நாங்கள் வேண்டாம் என்று விட்டவர்கள். நானும் மனைவியும் ஆர்.சி. இரண்டு பேருக்கும் ஒரே மனது என்பதால் எங்களுக்குச் சுலபமாக இருந்தது, இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. உங்களுக்கு இருக்கும் பாரம் எங்களுக்கு இல்லை.

மகளைத் தத்தெடுத்தோம். அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவில் பதிவு செய்துவிட்டு மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். வீட்டுக்கு வரும்போது அவளுக்கு 14 மாதம். கலெக்டர் உத்தரவு வந்த அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஆபீஸ் வாசலிலேயே மண்டியிட்டுவிட்டோம்.

ஒரு தகவல் பலருக்குத் தெரியாது. முன்பெல்லாம் இந்தியாவில் கிறிஸ்தவர்கள் முழுமையாகத் தத்தெடுக்கவே சட்டம் இல்லை. 1890ன் பழைய சட்டப்படி கார்டியன் ஆக மட்டும்தான் முடியும், பிள்ளை மேஜரானால் அந்த உறவு சட்டப்படி முடிந்துவிடும். என் பெரியப்பா அப்படித்தான் வளர்த்தார், பள்ளிக்கூட அட்டையில் கடைசிவரை 'கார்டியன்' என்றே போட வேண்டியிருந்தது. சிறார் நீதிச் சட்டம் வந்த பிறகுதான் எந்த மதத்தவரும் தாய் தகப்பனாகவே தத்தெடுக்க முடிகிறது.

பிள்ளை பிறக்கவில்லை என்றால் தத்தெடுக்க வேண்டியதுதானே என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவள் எங்களுக்கு யாருக்கும் மாற்று இல்லை. ஐவிஎஃப் வேண்டாம் என்பதற்காக மட்டும் தத்தெடுக்காதீர்கள். ஒரு பிள்ளையை அழைப்பதாக இருந்தால் அழையுங்கள். தம்பதியின் வயதைக் கூட்டிப் பார்ப்பார்கள், இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 85க்குள் இருக்க வேண்டும். அதனால் யோசனை இருந்தால் பதிவையாவது இப்போதே செய்யுங்கள்.

---

நாசரேத்துக்காரன் | 8 ஜூன், இரவு 11:05

நான் முத்துக்குளித்துறையின் கணவர். இந்த இழையை அவளே என்னிடம் காட்டினாள். இரவு முழுக்க வாசித்தேன்.

எங்கள் சபையில் யாரும் இதைத் தடுக்கவில்லை. ஐயரிடம் (சபைப் போதகர்) கேட்டேன், ஜெபம் செய்து அனுப்பினார். அதனால் இது அவளுடைய பிரச்சினை, நாம் ஆறுதல் சொன்னால் போதும் என்று இருந்துவிட்டேன். அன்னாளிடம் கணவன் எல்க்கானா சொன்னது போலத்தான், பத்துக் குமாரரைப் பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா என்று. நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டு அன்னாளின் அழுகை நின்றதாக வேதத்தில் இல்லை.

அல்லிக்குளம் அக்கா எழுதியதை வாசித்த பிறகு, தடை இல்லை என்பதும் பொறுப்பு இல்லை என்பதும் ஒன்றல்ல என்று தோன்றுகிறது. "என் கருவை உம்முடைய கண்கள் கண்டது" என்று 139ஆம் சங்கீதத்தைச் சின்ன வயதில் மனப்பாடம் செய்தவன் நான். அந்த மூன்று கட்டத்தில் எதில் டிக் அடித்தாலும் எனக்கும் வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை என்பது இப்போது வலிக்கிறது.

ஐந்தாம் நாள் அண்ணனுக்கு ஒரு கேள்வி. எழுதிக் கொடுப்பதை முட்டை எடுக்கும் நாளில் கொடுத்தால் போதுமா?

---

ஐந்தாம் நாள் | 9 ஜூன், காலை 7:30

வேண்டாம் தம்பி. ஊசி ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள். குறைந்த முட்டை போதும் என்றால் மருந்தின் அளவையே குறைக்க முடியும், அவர்களுடைய உடம்புக்கும் நல்லது. எழுதியதில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதி ஆய்வகத்துக்கு நேரடியாகப் போகிறதா என்று பாருங்கள். கோப்பிலேயே தங்கிவிட்டால் முட்டை எடுக்கும் நாள் அவசரத்தில் யார் கண்ணிலும் படாது.

---

முத்துக்குளித்துறை | 7 ஜூலை, இரவு 10:45

ஒரு மாதம் கழித்து வருகிறேன். எல்லோருடைய பதிவையும் ஒன்றுக்கு இரண்டு முறை வாசித்தோம், பிரிண்ட் எடுத்து அத்தையிடமும் கொடுத்தோம்.

செய்கிறோம். திருச்சபை சரி என்று சொல்லிவிட்டது போல என்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. அண்ணா சொன்னதைத் தெரிந்தேதான் செய்கிறேன். ஃபாதரிடமும் அப்படியே சொன்னேன். "தெரிஞ்சே வர்றே, நான் சரின்னு சொல்ல முடியாது. ஆனா உனக்காக ஜெபிக்கிறதை நிறுத்த மாட்டேன்" என்றார். நற்கருணை பற்றி நானே கேட்டேன். இப்போதைக்கு வாங்காமல் இருப்பது என்று நானே முடிவெடுத்தேன், அவர் என் தலையில் கைவைத்தார்.

முதலில் பார்த்த டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது டாக்டர் ஒரு மணி நேரம் பேசினார், வாய்ப்பு எவ்வளவு குறையும் என்று எழுதிக் காட்டினார், பிறகு சரி என்றார். மூன்று முட்டையில் மட்டும். கருவானதை எல்லாம் எனக்கே வைப்பார்கள், ஒரே தடவையிலோ இரண்டு தடவையிலோ. மீதி முட்டையாகவே இருக்கும். அந்த மூன்று கட்டத்தின் மேலும் கோடு போட்டுவிட்டு, இதைக் கையால் எழுதி, கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். காராவிலும் பதிவு செய்துவிட்டோம், பெரியகுளம் அண்ணா.

எட்டு வருடமாக ஞாயிறு பூசைக்கு என் கணவர் என்னோடு வருவார். நற்கருணை நேரத்தில் வரிசை நகரும்போது, சி.எஸ்.ஐ. என்பதால் அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், நான் எழுந்து போவேன். திரும்பி வரும்போது முழங்காலை ஒதுக்கி எனக்கு வழி விடுவார். போன ஞாயிறு நான் எழுந்திருக்கவில்லை. வரிசை எங்களைத் தாண்டிப் போனது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எட்டு வருடம் அவர் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

வியாழக்கிழமை முட்டை எடுக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.